சொல்லக் கூடாத காரணம்

2022 அக்டோபர் 31. வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார் சேத் வாக்ஸ்மன். கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் சில பேருக்காவது இடம் கிடைத்துவிடுகிறது, இல்லையா என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் விடாமல் துருவினார். வாக்ஸ்மன் மறுக்கவில்லை. ஓர் உவமையோடு ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழக இசைக்குழுவில் ஓபோ வாசிக்க ஆள் தேவைப்படும் வருடத்தில், அது வாசிக்கத் தெரிந்த மாணவருக்கு இடம் கிடைப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்றார். ராபர்ட்ஸ் காத்திருந்தவர் போலச் சொன்னார்: ஓபோ வாசிப்பவர்களுக்காக நாம் உள்நாட்டுப் போர் நடத்தவில்லையே!

ஓபோ நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்து உறவு. அதையும் இரட்டை நாணல் சீவாளி வைத்துத்தான் ஊத வேண்டும். வாக்ஸ்மனோ சாமானிய வக்கீல் இல்லை, அமெரிக்க அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அவ்வளவு பெரிய வழக்கறிஞருக்கு, அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஓர் ஊதுகுழல்தானா அகப்பட்டது? உண்மையில் அவருக்கு வேறு வழியில்லை. அடிமை முறை, பிரித்துவைத்த பள்ளிகள், பறிக்கப்பட்ட சொத்து என்று உண்மைக் காரணத்தைச் சொல்லி ஒரு பல்கலைக்கழகம் தன் சேர்க்கை முறையை நியாயப்படுத்துவதற்கான வாசலை அந்த நீதிமன்றமே 1978-ல் அடைத்துவிட்டது. திறந்திருந்த ஒரே சந்துக்குப் பெயர் ‘பன்முகத்தன்மை’. அந்தச் சந்துக்குள் அடிமை முறையும் ஓபோவும் ஒரே உயரம்தான்.

எட்டு மாதம் கழித்து, 2023 ஜூன் 29-ல், அந்தச் சந்தும் அடைபட்டது. ஹார்வர்ட் வழக்கில் ஆறுக்கு இரண்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. ஹார்வர்டின் நிர்வாகக் குழுக்களில் ஒன்றில் அங்கம் வகித்தவர் என்பதால் நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் அந்த வழக்கிலிருந்து மட்டும் விலகியிருந்தார். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது அரசமைப்பின் சமத்துவ உறுதிமொழிக்கு விரோதம் என்று எழுதினார் ராபர்ட்ஸ்.

இதை ‘அமெரிக்காவில் இடஒதுக்கீடு ரத்து’ என்று புரிந்துகொள்வது சுலபம். தவறும்கூட. அங்கே கல்லூரிகளில் நம் அர்த்தத்திலான இடஒதுக்கீடு அதற்கு முந்தைய 45 வருடங்களாகவே இல்லை. இத்தனை இடம் இன்னாருக்கு என்று எழுதிவைப்பது 1978-லேயே செல்லாமல் போய்விட்டது. மிச்சமிருந்தது, விண்ணப்பத்தை முழுதாகப் படிக்கும்போது இனத்தையும் ஒரு சாதக அம்சமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே. எவ்வளவு சாதகம், யாருக்கு, எப்போது? அதை எங்கும் எழுதிவைக்கக் கூடாது. எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். இந்த விசித்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் அமெரிக்கச் சண்டை புரியாது.

பதினாறு இடங்கள்

1965 ஜூன் 4. முக்கியமாகக் கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பேசினார். பல காலம் சங்கிலியில் கட்டிவைத்த ஒருவனை அவிழ்த்துவிட்டு, ஓட்டப் பந்தயக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, ‘இனி நீ எல்லோரோடும் போட்டி போடலாம்’ என்று சொல்லிவிட்டு நியாயமாக நடந்துகொண்டோம் என்று நம்ப முடியாது என்பது அந்தப் பேச்சின் சாரம். அன்று காரணத்தை மென்று விழுங்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. கடன் இருக்கிறது, அடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 1968-ல் திறந்தது. முதல் வகுப்பில் 50 பேர். அதில் ஒரு கறுப்பின மாணவர்கூட இல்லை. கல்லூரி வளர்ந்து வருடத்துக்கு 100 இடங்கள் ஆனபோது, அதில் 16-ஐச் சிறுபான்மை இனத்து மாணவர்களுக்கென்று தனியே வைத்தது நிர்வாகம். வியட்நாமில் பணியாற்றிய முன்னாள் மரைன் படை வீரர், நாசா பொறியாளர், முப்பது வயதைக் கடந்தவர் ஆலன் பாக்கி. 1973, 1974 இரண்டு வருடமும் விண்ணப்பித்தார். இரண்டு முறையும் இடம் இல்லை. வழக்குப் போட்டார்.

டேவிஸ் நான்கு காரணங்களைச் சொன்னது. மருத்துவத் தொழிலில் சிறுபான்மையினர் காலங்காலமாகக் குறைவாக இருப்பதைச் சரிசெய்ய. சமூகம் இழைத்த பாகுபாட்டை எதிர்கொள்ள. டாக்டர் இல்லாத பகுதிகளுக்கு டாக்டர்களை அனுப்ப. வகுப்பறையில் பல வகை மாணவர்கள் இருப்பதால் கிடைக்கும் கல்விப் பயனைப் பெற. உச்ச நீதிமன்றம் நாலு நாலாகப் பிளந்து நிற்க, நடுவில் நின்ற லூயிஸ் பவல் எழுதியதே தீர்ப்பானது. தெற்கு மாநிலமான வர்ஜீனியாவைச் சேர்ந்தவர் பவல். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலத்தில் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். அவர் முதல் மூன்று காரணங்களையும் தள்ளினார். நான்காவதை மட்டும் வைத்துக்கொண்டார். 16 இடம் என்று எண்ணிக்கை வைத்தது தவறு, பாக்கியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக ஒரு பல்கலைக்கழகத்தின் முறையைப் பின்னிணைப்பாகவே சேர்த்தார். அந்தப் பல்கலைக்கழகம் ஹார்வர்ட். ஐடஹோ மாநிலத்து விவசாயி மகன் பாஸ்டன்காரர் தர முடியாத ஒன்றைக் கல்லூரிக்குக் கொண்டுவருவான், அதுபோல ஒரு கறுப்பின மாணவரும் கொண்டுவருவார் என்று அதில் இருந்தது. ஓபோவின் தாத்தா இந்த ஐடஹோ பையன்தான்.

அதே வழக்கில் தர்குட் மார்ஷல் தனியே ஒரு கருத்துரை எழுதினார். அடிமையின் கொள்ளுப்பேரன் அவர். தன் சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரியில் கறுப்பினத்தவரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால் ஹோவர்டுக்குப் போய்ப் படித்து, பிறகு அதே மேரிலாந்து கல்லூரியின் கதவை வழக்காடித் திறந்தவர். சங்கிலியில் வந்திறங்கிய நாள் முதல் தன் மக்களுக்கு இந்த நாடு செய்ததைப் பக்கம் பக்கமாக எழுதினார். இருநூறு வருடங்களாக எல்லாப் பாகுபாட்டையும் பொறுத்துக்கொண்ட அரசமைப்பு, அதன் விளைவைச் சரிசெய்ய ஒரு மாநிலம் முன்வரும்போது மட்டும் குறுக்கே நிற்கிறதே என்று கேட்டார். அது சட்டமாகவில்லை. சட்டமானது ஐடஹோ பையனின் கதை.

எண்ணைச் சொல்லாதே, குணம் என்று சொல்

பவல் ஹார்வர்டை முன்மாதிரியாக எடுத்ததில் ஒரு பழைய கசப்பு ஒளிந்திருக்கிறது. 1909 முதல் 1933 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் லாரன்ஸ் லோவல். நுழைவுத் தேர்வில் தேறினால் இடம் என்ற முறையால், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் 1922 வாக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள். லோவலுக்குப் பொறுக்கவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று உச்சவரம்பு வைக்க நினைத்தார். வெளிப்படையாக எண்ணிக்கை வைப்பது அசிங்கம் என்று ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சில வருடம் கழித்து அதே காரியம் அசிங்கம் தெரியாமல் நடந்தது. விண்ணப்பத்தோடு புகைப்படம், ‘குணநலன்’ பற்றிய மதிப்பீடு, எந்த ஊர், தந்தை யார் என்ற கேள்விகள். யூத மாணவர் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. மதிப்பெண்ணோடு குணத்தையும் பார்த்து முழு மனிதராக எடைபோடுகிறோம் என்று இன்று பெருமையாகச் சொல்லப்படும் முறை முளைத்த இடம் அதுதான்.

2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மீது இரண்டு வழக்குகள். ஒரே நாளில், ஜூன் 23 அன்று, தீர்ப்பு. இளங்கலைச் சேர்க்கையில் 150 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்திருந்தது மிச்சிகன். 100 எடுத்தால் இடம் உறுதி. கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள், பூர்வகுடிகள் என்றால் 20 புள்ளி. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அது செல்லாது என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரியிலோ புள்ளியும் இல்லை, எண்ணும் இல்லை. ‘போதிய அளவு’ சிறுபான்மையினர் இருக்கப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அது செல்லும் என்றது. இன்னும் 25 வருடத்தில் இதற்கே தேவை இருக்காது என்று எதிர்பார்ப்பதாக நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதினார்.

இந்தக் கேலிக்கூத்தை இரண்டு நீதிபதிகள் அன்றே கண்டுகொண்டார்கள். கண்ஜாடையும் தலையசைப்பும் மாறுவேடமும் போட்டு இதே எண்ணிக்கையை எட்டுவதைவிட, உள்ளதை உள்ளபடி அறிவித்த மிச்சிகனின் புள்ளி முறையே மேல் என்றார் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பந்தை ஒளித்துவைப்பவர்களே ஜெயிக்கும் ஆட்டமாகச் சமத்துவச் சட்டம் ஆகிவிடக் கூடாது என்றார் டேவிட் சூட்டர். இருவரும் தோற்ற பக்கம்.

அமெரிக்கா முழுக்க உயர்தரப் பல்கலைக்கழகங்கள் பந்தை ஒளித்துவைக்கப் பழகின. ஒளித்துவைப்பதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்காக ஒளித்தோம் என்பதே நாளடைவில் மறந்துவிடும். 2004-ல் ஹார்வர்டின் இரண்டு கறுப்பினப் பேராசிரியர்கள், சட்ட அறிஞர் லானி கினியரும் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் ஜூனியரும், சங்கடமான ஒரு விஷயத்தைப் பொதுவில் போட்டு உடைத்தார்கள். ஹார்வர்டின் கறுப்பின மாணவர்களில் பாதிக்கு மேல் கரீபியத் தீவுகளிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ குடியேறியவர்கள், அவர்களின் பிள்ளைகள், அல்லது கலப்புமணப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தாத்தா பாட்டி நான்கு பேரும் அமெரிக்க மண்ணில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லத்தக்க பிள்ளைகள் சிறுபான்மையே.

குடியேறிய டாக்டரின் மகள் படிக்கக் கூடாது என்று கினியரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கடனை அடைப்பது நோக்கமாக இருந்தால் யாருக்குக் கடன் என்று கேட்டிருப்பார்கள். வகுப்பறைக்குப் பல வண்ணம் சேர்ப்பது நோக்கம் என்று ஆனபிறகு, மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக் குடும்பத்து மகளும் லாகோஸ் டாக்டரின் மகளும் ஒரே வண்ணம். யாருக்காக ஆரம்பித்தார்களோ அவர்களே அந்தக் கூட்டத்தில் காணாமல் போனது இப்படித்தான்.

கவாத்துப் பட்டியல்

இனி ஹார்வர்ட் மீது வழக்குப் போட்டவர் பக்கம் வருவோம். எட்வர்ட் பிளம் வழக்கறிஞர் இல்லை, முன்னாள் பங்குத் தரகர். இனத்தைக் கணக்கில் எடுக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கு இழுப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அபிகெய்ல் ஃபிஷர் என்ற வெள்ளைப் பெண்ணுக்கு வழக்கு அமைத்துக் கொடுத்தார். 2016-ல் அது தோற்றது. அதற்குள் 2014-ல் ஹார்வர்ட் மீது வேறொரு வழக்கைத் தொடங்கியிருந்தார். இம்முறை பாதிக்கப்பட்டவர் வெள்ளையர் இல்லை, ஆசியர். ஹூஸ்டனில் சீன அமெரிக்கர்கள் கூட்டம் ஒன்றில் 2015-ல் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: எனக்கு வாதிகள் தேவைப்பட்டார்கள், ஆசிய வாதிகள் தேவைப்பட்டார்கள். 2018-ல் பாஸ்டனில் நடந்த விசாரணையில், ஹார்வர்ட் மறுத்த ஆசிய மாணவர் ஒருவர்கூட அவர் தரப்பில் சாட்சிக் கூண்டு ஏறவில்லை.

அதனால் குறையே பொய் என்று ஆகிவிடாது. அந்த விசாரணைதான் ஹார்வர்டின் சமையற்கட்டை ஊருக்குத் திறந்து காட்டியது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, பிற திறமைகள், விளையாட்டு, பள்ளியின் சிபாரிசு, ‘தனிப்பட்ட பண்பு’, மொத்த மதிப்பு என்று ஆறு வகையில் தரம். இந்த ‘தனிப்பட்ட பண்பு’ என்ற கட்டத்தில் ஆசிய அமெரிக்கர்களுக்குச் சராசரியாக மற்றவர்களைவிடக் குறைவான தரம் விழுந்திருந்தது. துணிவு, பரிவு, பழக இனிமை போன்றவற்றை அளப்பதாகச் சொல்லப்பட்ட கட்டம் அது. 1920-களின் ‘குணநலன்’ வேறு சட்டை போட்டு வந்து நின்றது போல் இருந்தது. விசாரித்த நீதிபதி அலிசன் பரோஸ் திட்டமிட்ட பாகுபாடு எதுவும் நிரூபணமாகவில்லை என்று 2019-ல் ஹார்வர்டுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். ஆனாலும் ‘நம் பிள்ளைக்கு மார்க் இருக்கிறது, பண்பு இல்லையாமே’ என்ற சொல் நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் எத்தனை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விழுந்திருக்கும் என்று யோசித்தால் அந்தக் கோபத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ராபர்ட்ஸ் தன் தீர்ப்பில் எடுத்துவைத்த ஒரு கணக்கு அந்தக் கோபத்துக்கு நெய் வார்த்தது. படிப்புத் தரத்தின்படி பத்து அடுக்காகப் பிரித்தால், கீழிருந்து நான்காவது அடுக்கில் இருக்கும் கறுப்பின மாணவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 12.8 சதவீதம். உச்சி அடுக்கில் இருக்கும் ஆசிய மாணவருக்கு 12.7.

‘ஆசியர்’ என்ற அந்தக் கட்டமே ஒரு கூத்து. உலக மக்கள்தொகையில் சுமார் 60 சதவீதத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்கிறது அது என்று நீதிபதி நீல் கோர்சச் எழுதினார். அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகாதவர்களும் இதை மறுக்க முடியாது. 1965-ன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு பட்டத்தையும் பணி விசாவையும் கையில் பிடித்துக்கொண்டு போன நம் பொறியாளர் வீட்டுப் பிள்ளையும், போருக்குத் தப்பி லாவோஸிலிருந்து அகதியாகப் போன ஹ்மாங் குடும்பத்துப் பிள்ளையும் அங்கே ஒரே கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் சட்டபூர்வமாக வடிகட்டப்பட்டுப் போனவர்களின் பிள்ளைகள் என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டு, ‘இந்திய மூளை’ என்று மார்தட்டிக்கொள்வோம். இந்தப் பெட்டி விளையாட்டின் உச்சம் ஒரு தமிழ்ப் பெயருக்குச் சொந்தம். நடிகை மிண்டி கேலிங்கின் அண்ணன் விஜய் சொக்கலிங்கம், 1990-களின் இறுதியில் தலையை மழித்துக் கறுப்பினத்தவராக நடித்து மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் வாங்கியதாகத் தானே பின்னாளில் சொல்லிப் புத்தகமும் எழுதினார். சேர்த்துக்கொண்ட கல்லூரியோ, அவர் தகுதியின் பேரில்தான் வந்தார், இனம் காரணமே இல்லை என்றது. யார் சொல்வது நிஜம்? எண்ணையும் விதியையும் எழுதிவைக்காத ஊரில் அதை எப்படிச் சரிபார்ப்பது?

விசாரணையில் வெளிவந்தவற்றில் என்னை விட்டுப் போகாதது வேறொன்று. தேர்வின் கடைசிக் கட்டத்தில், இடத்தைவிட ஆள் அதிகமாக நிற்கும்போது, கழித்துவிடத்தக்கவர்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு மரக்கிளையை வெட்டுவதைக் குறிக்கும் பெயர். தமிழில் கவாத்துப் பட்டியல் என்று சொல்லலாம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கே நான்கு விவரம். இனம் எது. உதவித்தொகை தேவைப்படுகிறதா. விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவரா. அப்பா அம்மா ஹார்வர்டில் படித்தவர்களா.

பக்கவாட்டுக் கதவு

அந்த நான்காவது விவரத்துக்கு ‘லெகசி’ என்று பெயர், பரம்பரைச் சலுகை. விசாரணையில் அலசப்பட்ட ஆறு வருடங்களில் லெகசி பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மொத்த விண்ணப்பதாரர்களில் கிடைத்தது நூற்றுக்கு ஆறு பேருக்கு. பிளம் தரப்பின் நிபுணரான டியூக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியகோனோ அதே ஆவணங்களை வைத்து இன்னொரு கணக்கும் போட்டார். ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் அதிகமானோர் விளையாட்டு வீரர்கள், லெகசி பிள்ளைகள், கல்லூரித் தலைமையின் தனிப் பட்டியலில் இருந்தவர்கள், ஊழியர் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையில் ஏதோ ஒன்றில் வந்தவர்கள். அந்தச் சலுகை இல்லையென்றால் இவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இடம் கிடைத்திருக்காது. கறுப்பினத்தவருக்குத் தரும் சலுகையை உடைக்கக் கூட்டிவந்த நிபுணரே, வெள்ளைப் பணக்காரர் வந்துபோகும் பக்கவாட்டுக் கதவையும் திறந்து காட்டிவிட்டார்.

தீர்ப்பு வந்த சில வாரங்களில், 2023 ஜூலையில், ஹார்வர்டிலேயே பேராசிரியராக இருக்கும் ராஜ் செட்டியும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செட்டி தமிழ்க் குடும்பத்தில் டெல்லியில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் வகையறாவைச் சேர்ந்த 12 கல்லூரிகளில், ஒரே நுழைவுத் தேர்வு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளிடையே, உச்சி ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை போய்ச் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்றது ஆய்வு. லெகசி ஒரு காரணம். படகோட்டுவது, வாள்வீச்சு என்று செலவு பிடிக்கும் விளையாட்டுகள் இன்னொன்று. பிள்ளையின் சான்றிதழ்களை அலங்கரிக்கப் பணம் இருந்தது மூன்றாவது.

எழுதாத விதியின் நிழலில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது உண்மை. அதே நிழலில் பணக்காரப் பிள்ளைக்கு நிறைய இடம் கிடைத்தது. ‘முழு மனிதராக எடைபோடுகிறோம்’ என்ற ஒரே திரை இருவரையும் மறைத்தது. திரையைக் கிழிக்கப் போன நீதிமன்றம் ஒருவரை மட்டும்தான் வெளியே இழுத்தது. லெகசியைப் பற்றி அந்த வழக்கில் கேள்வியே இல்லை.

ஜாக்சன் தன் மறுப்புத் தீர்ப்பில் ஜான், ஜேம்ஸ் என்று இரண்டு கற்பனை மாணவர்களை நிறுத்தினார். இருவர் குடும்பங்களும் வட கரோலினாவில் 1789 முதல், அதாவது அந்தப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட வருடம் முதல், வாழ்கின்றன. ஜான் வெள்ளையர். அங்கே படித்தால் அவர் குடும்பத்தில் ஏழாவது தலைமுறைப் பட்டதாரி. ஜேம்ஸ் கறுப்பினத்தவர். படித்தால் முதல் தலைமுறை. இளங்கலையில் கறுப்பின மாணவர்களை அந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கத் தொடங்கியதே 1955-ல்தான், அதுவும் நீதிமன்றம் சொன்னபிறகு. ஜான் தன் ஆறு தலைமுறைக் கதையைச் சொல்லிச் சலுகை பெறலாம், ஜேம்ஸ் தன் ஆறு தலைமுறைக் கதையைச் சொன்னால் குற்றமா என்பது அவர் கேள்வி. 2019-ன் கணக்குப்படி ஒரு கறுப்பினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து சுமார் 24,000 டாலர், வெள்ளைக் குடும்பத்தினுடையது சுமார் 1,88,000 டாலர் என்பதையும் சேர்த்தே எழுதினார். மார்ஷல் விட்ட இடத்திலிருந்து, 45 வருடம் கழித்து, ஒருவர் மறுபடி காரணத்தைச் சொன்னார். அதே நீதிமன்றத்தின் இன்னொரு கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அவருக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்: மனிதர்களை இனத்தால் பார்க்கும் எந்த ஏற்பாடும், நல்லெண்ணத்தில் வந்தாலும், விஷமே.

இந்தச் சண்டையைப் படிக்கும் தமிழருக்குச் செண்பகம் துரைராஜன் வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ., அதாவது வகுப்புவாரி அரசாணை, ஒவ்வொரு 14 இடங்களையும் இன்னாருக்கு இத்தனை என்று அச்சடித்தே வைத்திருந்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அது செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. (செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தனிக் கதை. பிளம்மின் கலை நமக்கும் புதிதில்லை.) சென்னை மாகாணம் கொந்தளித்தது, இரண்டே மாதத்தில் அரசமைப்பில் முதல் திருத்தம் வந்தது. சமூக ரீதியிலும் கல்வி ரீதியிலும் பின்தங்கியவர்களுக்காக அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) பிரிவில் காரணத்தையே எழுதிவைத்துவிட்டார்கள். அதன் பிறகு நாம் போட்ட சண்டைக்குக் குறைவில்லை. பட்டியலில் யார், எத்தனை சதவீதம், வசதியானவர்களை விலக்குவதா என்று இன்றும் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பது கவுன்சிலிங் திரையில் ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று வரிசையாக ஓடும் காலியிட எண்களைப் பார்க்கும் பையனுக்கும் தெரியும். ஓபோ தேவைப்படவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு

2023 தீர்ப்பின் விளைவைக் கலிஃபோர்னியா முன்கூட்டியே அனுபவித்திருந்தது. 1996-ல் மக்கள் வாக்கெடுப்பில் 209-ஆம் தீர்மானம் ஜெயித்து, அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தைப் பார்க்கத் தடை வந்தது. பத்து வருடம் கழித்து, 2006-ல், லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் சுமார் 4,800 புது மாணவர்களில் கறுப்பினத்தவர் 96 பேர். இனத்தைப் பார்க்காமல் வேறு வழிகளில் பன்முகத்தன்மையைக் கொண்டுவர 2004 முதல் 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் போதவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

2024 இலையுதிர் காலத்தில் நாடு முழுக்க முதல் கணக்கு வந்தது. எம்.ஐ.டி.யின் புது வகுப்பில் கறுப்பின மாணவர் 13 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கினார்கள், ஆசியர் 47-க்கு ஏறினார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 11 சதவீதம் 3 ஆனது. இத்தனைக்கும் ஆம்ஹர்ஸ்ட் லெகசியை 2021-லேயே கைவிட்ட கல்லூரி. பக்கவாட்டுக் கதவை மூடினால் முன்கதவு தானாகத் திறந்துவிடும் என்று நம்புகிறவர்கள் (நானும் ஓரளவு நம்பியவன்) இதைக் கவனிக்க வேண்டும். ஹார்வர்டில் சரிவு மெதுவாக இருந்தது, 18-லிருந்து 14. யேலில் கறுப்பினத்தவர் பங்கு அப்படியே நிற்க, ஆசியர் பங்கு 30-லிருந்து 24-க்கு இறங்கியது! வழக்கைக் கொண்டாடிய வீடுகளில் அன்று என்ன பேசிக்கொண்டார்களோ. ஒரு வருடக் கணக்கை வைத்து எதையும் அறுதியிட முடியாது. கல்லூரிகள் கணக்குப் போடும் விதமும் ஒன்றுபோல் இல்லை.

லெகசி கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. வெஸ்லியன் பல்கலைக்கழகம் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே கைவிட்டது. மேரிலாந்தும் கலிஃபோர்னியாவும் 2024-ல் தனியார் கல்லூரிகளையும் சேர்த்துத் தடைசெய்தன. ஹார்வர்ட் இருக்கும் மாசசூசெட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜனவரி 21-ல், ஜான்சன் 1965-ல் கையெழுத்திட்ட வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையை டிரம்ப் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். அந்த வருடம் ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகம் அரசோடு 20 கோடி டாலருக்கு மேல் கட்டிச் சமரசம் செய்துகொண்டபோது, யாரைச் சேர்த்தோம், யாரை மறுத்தோம் என்ற விவரத்தை இனவாரியாக ஒப்படைக்கவும் சம்மதித்தது. இனத்தைப் பார்க்கவே கூடாது என்கிற அரசு, இனவாரியாகக் கணக்குக் கேட்கிறது.

ராபர்ட்ஸ் ஒரு ஜன்னலை மட்டும் விட்டுவைத்திருந்தார். ஒரு மாணவர் தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று கட்டுரையில் எழுதினால், அதைத் தனிமனித அனுபவமாகப் படிக்கத் தடையில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்துப் பழைய முறையைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரக் கூடாது. கல்லூரிகள் உடனே கேள்விகளைத் திருத்தின. ஹார்வர்ட் தன் விண்ணப்பத்தில் ஐந்து குறுங்கேள்விகளைக் கட்டாயமாக்கியது. உன்னை உருவாக்கிய வாழ்க்கை அனுபவங்கள் ஹார்வர்டுக்குப் பங்களிக்க உனக்கு எப்படி உதவும் என்பது முதல் கேள்வி. அடிமை முறையிலிருந்து இன்றுவரை நடந்ததை மார்ஷல் பக்கம் பக்கமாக எழுதியும் நீதிமன்றம் ஏற்காத காரணத்தை, இனி பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் சொந்தக் கதையாக, தன் சொந்தக் காயமாக, யார் மனதும் நோகாதபடி எழுதிக் காட்ட வேண்டும். முதல் வருடம் அதற்கு 200 வார்த்தை தந்தார்கள். அடுத்த வருடம் 150 ஆகக் குறைத்துவிட்டார்கள்.